சாங்கியிலிருந்து கென்னடிக்கு எத்தனை கிலோமீட்டர்? தையல் நூல், கால்குலேட்டர், விரிதாள் மூன்றிலும் போட்ட கணக்கு

எடுத்துக்கொண்ட ஜோடி சிங்கப்பூர் சாங்கியும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடியும். 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் இடைநில்லா விமானம் விட்டபோது, உலகின் மிக நீண்ட பயணிகள் சேவை அதுதான். கணக்குப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது அரிது. ஒன்று நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது, மற்றது அதிலிருந்து ஏறக்குறைய அரை உலகம் சுற்றி அந்தப் பக்கம். எந்தப் பிழை செய்தாலும் விடை கோணலாகி, பிழை எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தேவையானவை: 30 செ.மீ. விட்டமுள்ள பள்ளிக்கூட உலக உருண்டை ஒன்று, பாலியெஸ்டர் தையல் நூல் ஒரு முழம், மில்லிமீட்டர் அளவுகோல், சயின்டிஃபிக் கால்குலேட்டர், கணினியில் எக்செல் போன்ற ஏதாவது ஒரு விரிதாள் மென்பொருள்.

முதலில் நூல்

கால்குலேட்டரைத் தொடும் முன் நூல் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. பின்னால் வரும் எண் சரியா, தப்பா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். 30 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 94.2 செ.மீ. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கி.மீ. ஆக, உருண்டையில் 1 செ.மீ. என்பது தரையில் 425 கி.மீ.

இரண்டு ஊரிலும் நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானே மிகக் குறுகிய வழியில் போய் உட்கார வேண்டும். இந்த ஜோடியில் உட்காராது. குறுகிய வழி வட துருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் போகிறது. உருண்டையில் அது வெறும் 6 அல்லது 7 மி.மீ. சரியாக அந்த இடத்தில்தான் உருண்டையைத் தாங்கும் அச்சு ஆணியும் அதன் மூடியும் இருக்கும். நூல் அதில் முட்டிப் பக்கவாட்டில் வழுக்கி, ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாகக் காட்டும். ஆணியைக் கழற்ற வேண்டியதில்லை; இரண்டு துண்டாக அளந்தால் போதும். சாங்கியிலிருந்து ஆணியின் மையம் வரை 23.2 செ.மீ., அங்கிருந்து நியூயார்க் வரை 12.9 செ.மீ., மொத்தம் 36.1 செ.மீ. 425-ஆல் பெருக்கினால் 15,340 கி.மீ. அருகில் வரும். கை நடுக்கத்தில் 2 மி.மீ. பிசகினாலே 85 கி.மீ. போய்விடும் என்பதால், இதை "பதினைந்தாயிரத்துச் சொச்சம்" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளி நூல், ரப்பர் நூல் வேண்டாம், இழுபடும்.

மெர்காட்டர் எனும் தட்டையான, செவ்வக உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சாங்கியையும் நியூயார்க்கையும் அப்படி இணைத்தால் கோடு ஏறக்குறைய இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் தலைக்கு மேலேயே போகும். பிறகு அரபிக்கடல், ஏமன், செங்கடல், சஹாரா, அட்லாண்டிக். பார்வைக்கு நேராக இருந்தாலும் அந்த வழியின் நீளம் சுமார் 18,500 கி.மீ. திசைகாட்டியை 283.7°-இல் பூட்டிவிட்டு ஓட்டினால் வரும் வழி அது. கப்பல் காலத்துக்குப் பொருந்தும். விமானத் தூரம் கேட்டவருக்கு 3,100 கி.மீ. கூடுதலாகச் சொன்னதாகிவிடும்.

ஆயங்கள்: பாதிப் பிழை இங்கேதான்

ஒவ்வொரு நாடும் வெளியிடும் வானூர்தித் தகவல் ஏட்டில், நிலையத்துக்கான பகுதியின் தொடக்கத்திலேயே மேற்கோள் புள்ளியின் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) இருக்கும். அது முனையக் கட்டடத்தின் இடமல்ல, ஓடுபாதைகளின் நடுப்புள்ளி போன்ற ஓர் இடம். விநாடி வரை வட்டமாக்கி எடுத்தவை:

சாங்கி: 1°21′33″ வடக்கு, 103°59′22″ கிழக்கு
கென்னடி: 40°38′23″ வடக்கு, 73°46′44″ மேற்கு

வேறொரு பட்டியலில் கடைசி விநாடி ஒன்று முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். அட்சரேகையில் ஒரு விநாடி 31 மீட்டர்தான்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். ஏடுகளில் இதை இடைவெளி இல்லாமல் 012133, 1035922 என்று அச்சிடுவார்கள். அவசரத்தில் அதை 1.2133, 103.5922 என்று தட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துத்தான் சேர்க்க வேண்டும்:

1 + 21/60 + 33/3600 = 1.3592
103 + 59/60 + 22/3600 = 103.9894
40 + 38/60 + 23/3600 = 40.6397
73 + 46/60 + 44/3600 = 73.7789, மேற்கு என்பதால் −73.7789

நான்கு எண்ணையும் வகுக்காமல் அப்படியே தட்டினால் விடை 15,380 கி.மீ. என்று வருகிறது. சரியான விடையைவிட 40 கி.மீ. கூடுதல், அவ்வளவுதான். பெரிய தப்பாக இருந்தால் கண்ணில் படும், இது படாது. அதனால்தான் இந்தப் பிழை அட்டவணைகளில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: பட்டியல் முழுவதிலும் தசமத்துக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் 60-ஐத் தாண்டவே இல்லை என்றால், அது தசமமல்ல, நிமிடம்.

கால்குலேட்டரில்

சூத்திரம் ஒரே வரி. அ1, அ2 இரண்டு அட்சரேகைகள்; தீ என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம்.

காஸ்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + காஸ்(அ1) × காஸ்(அ2) × காஸ்(தீ)

தீ = 103.9894 − (−73.7789) = 177.7683. இரண்டு கழித்தல் குறி சேர்ந்து கூட்டலாவதைக் கவனியுங்கள். திரையின் மேல் மூலையில் டிகிரிக்கான எழுத்து தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைன் 1.3592 = 0.0237203
சைன் 40.6397 = 0.6513002
பெருக்கினால் 0.0154490

காஸ் 1.3592 = 0.9997186
காஸ் 40.6397 = 0.7588202
காஸ் 177.7683 = −0.9992415
மூன்றையும் பெருக்கினால் −0.7580313

கூட்டுத்தொகை −0.7425823. இதன் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) 137.9519°. பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் விரிக்கும் கோணம் இதுதான். ரேடியனில் (கோணத்தின் இன்னொரு அலகு; 180° = π ரேடியன்) 2.40771. சராசரி ஆரம் 6,371 கி.மீ.-ஆல் பெருக்கினால் 15,339.5 கி.மீ.

இடைநிலை எண்களை நான்கு தசமத்தில் வெட்டாதீர்கள். இந்தக் கோணத்தில், காஸ் மதிப்பின் நான்காம் தசமத்தில் 1 பிசகினால் விடையில் கிட்டத்தட்ட ஒரு கி.மீ. பிசகும். கால்குலேட்டரின் நினைவகத்தில் சேமித்து முழு எண்ணாகவே எடுத்துச் செல்வது மேல்.

இந்த ஜோடிக்கு மனக்கணக்காக ஒரு சரிபார்ப்பும் உண்டு. தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐ ஒட்டி இருப்பதால், துருவத்தின் வழியாகவே போனால் எவ்வளவு என்று பாருங்கள்: 180 − (1.3592 + 40.6397) = 138.0011°. உண்மையான கோணம் இதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைய வேண்டும். 137.95 வந்திருக்கிறது. 138-ஐத் தாண்டினாலோ 130-க்கு இறங்கினாலோ எங்கேயோ தட்டச்சுப் பிழை.

தப்பான விடை சொல்லும் சேதி

இந்த ஜோடிக்கு எந்தத் தவறு எந்த எண்ணைக் கொடுக்கும் என்று போட்டுப் பார்த்ததில் கிடைத்தவை இவை. விடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

8,400 கி.மீ. பக்கம் வந்தால், டிகிரி எண்ணை ரேடியனாக எடுத்துக்கொண்டு கணக்கு நடந்திருக்கிறது. விரிதாள்களிலும் நிரல்மொழிகளிலும் சைன், காஸ் சார்புகள் ரேடியனை மட்டுமே எதிர்பார்க்கும். இருப்பதில் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் 8,400 என்பது விமானத் தூரம்போலவே இருக்கிறது.

8,78,891 வந்தால், கோணத்தை ரேடியனாக்காமல் டிகிரியாகவே 6,371-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். நிலா போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும். யாரும் ஏமாற மாட்டார்கள்.

5,320 வந்தால், மேற்குக்கான கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. நியூயார்க் கிர்கிஸ்தானுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

4,676 வந்தால், இதே கோணத்தைத் தரும் இன்னொரு சூத்திரமான ஹேவர்சைனில், கிடைமட்ட, செங்குத்து மதிப்புகளிலிருந்து கோணம் சொல்லும் ஏடேன்2 (ATAN2) சார்பின் உள்ளீடுகள் இடம் மாறியிருக்கின்றன. எக்செல் வகை விரிதாள்களில் அந்தச் சார்பு முதலில் கிடைமட்ட மதிப்பை, அடுத்து செங்குத்து மதிப்பைக் கேட்கும். பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் நேர்மாறு. இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே விரிதாளுக்கு மாற்றும்போது கோணம் 137.95 என்பதற்குப் பதில் 42.05 ஆகிவிடும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் சாங்கி காப்பாற்றும். 103.99 என்ற அட்சரேகை உலகில் இல்லை; ஒழுங்கான நிரல் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் கென்னடி மட்டும் மாறினால் அது அண்டார்டிகாவில் போய் விழும், எந்த எச்சரிக்கையும் வராது. ஜியோபை போன்ற நூலகங்கள் அட்சரேகையை முதலில் கேட்கும். வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில். இரண்டையும் ஒரே வேலையில் கலக்கும்போது பார்த்துச் செய்ய வேண்டும்.

விரிதாள்

ஒரு ஜோடிக்குக் கால்குலேட்டர் போதும், இருநூறு ஜோடிக்கு விரிதாள்தான். நிலையத்தின் குறியீடு ஒரு நெடுவரிசையில், அட்சரேகை அடுத்ததில், தீர்க்கரேகை அதற்கடுத்ததில். பக்கத்திலேயே இரண்டு நெடுவரிசையில் அவற்றை ரேடியன்ஸ் சார்பால் மாற்றி வைத்துவிடுங்கள். சூத்திரத்துக்குள்ளேயே மாற்றினால் எங்கேயாவது ஒன்றை மறந்துவிடுவோம்.

இரண்டு இடங்களில் அடிக்கடி தடுக்கும். ஒன்று, வெளியிலிருந்து ஒட்டிய எண்கள் சில எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும்; கண்ணுக்கு எண், கணினிக்கு எழுத்து. கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் அது எழுத்து என்று சந்தேகியுங்கள். இரண்டு, ஒரே நிலையம் இரண்டு பக்கமும் வரும் வரிசை. அங்கே காஸ் மதிப்பு சரியாக 1 வர வேண்டும். ஆனால் கடைசித் தசமத்தின் உருட்டலில் 1-ஐ மயிரிழை தாண்டினால் தலைகீழ் காஸ் சார்பு பிழை காட்டிவிடும். இரண்டில் சிறியதை எடுக்கும் மின் (MIN) சார்பால் 1-க்கு மேல் போகாமல் கட்டிவிட்டால் தீர்ந்தது.

சூத்திரத்தில் ஹேவர்சைனா, காஸா என்ற விவாதம் நீளமாக ஓடும். சென்னை–பெங்களூர் அளவிலும் அதற்கு மேலும் இரண்டும் ஒன்றுதான். ஒரே ஊரின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அளக்கும்போது, அதுவும் பத்து இலக்கக் கால்குலேட்டரில், ஹேவர்சைன்தான் நம்பகமானது.

புறப்படும் திசையும் வேண்டுமென்றால் இன்னொரு வரி. சைன்(தீ) × காஸ்(அ2) செங்குத்து மதிப்பு. காஸ்(அ1) × சைன்(அ2) − சைன்(அ1) × காஸ்(அ2) × காஸ்(தீ) கிடைமட்ட மதிப்பு. இங்கே மட்டும் தீ என்பது சேருமிடத்திலிருந்து புறப்படுமிடத்தைக் கழித்தது, குறியோடு, அதாவது −177.7683. ஏடேன்2-வில் போட்டால் −2.53°, 360 கூட்டினால் 357.47°. அதாவது சாங்கியில் ஏறி ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பி, 87.5° அட்சரேகை வரை ஏறி, அந்தப் பக்கம் தெற்கே இறங்கினால் நியூயார்க்.

இதை வலைப்பக்க வரைபடத்தில் வரைந்து பார்ப்பவர்கள் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடங்களில் பெரும்பாலானவை 85.05 டிகிரியோடு மேலே முடிந்துவிடும். கோடு மேல் விளிம்பில் மறைந்து வேறொரு தீர்க்கரேகையில் திரும்ப இறங்கும். நிரல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், தாள்தான் பற்றவில்லை.

எந்தப் பூமி?

15,339.5 என்பது உருண்டைப் பூமியின் விடை. பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 மாதிரியில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ.; வித்தியாசம் 21 கி.மீ. சொச்சம். அந்த நீள்கோளத்தின் மேல் அளந்தால் 15,348 கி.மீ. அருகில் வரும். 8 கி.மீ.தான் கூடுதல், 0.05 விழுக்காடு.

ஆரத்தை மாற்றிப் போட்டால் விடையும் ஆடும். உருண்டைச் சூத்திரத்தில் 6,378.137 போட்டால் 15,357. பழைய மாலுமிக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். 137.9519 × 60 = 8,277 கடல் மைல்; 1.852-ஆல் பெருக்கினால் 15,329 கி.மீ. ஒரே கோணம், மூன்று விடை. தாளில் எழுதும்போது எந்த ஆரம் என்று பக்கத்தில் குறித்துவைக்காவிட்டால், அடுத்து பார்ப்பவர் 28 கி.மீ. வித்தியாசத்துக்குக் காரணம் தேடி ஒரு மாலைப் பொழுதைத் தொலைப்பார்.

நீள்கோளக் கணக்கைக் கையால் போடுவது வீண். பைத்தானில் ஜியோபை நூலகத்தின் ஜியோடெசிக் சார்பு ஒரே வரியில் தந்துவிடும். பழைய நிரல்களில் வின்சென்டி என்பவர் 1975-இல் வெளியிட்ட முறை இருக்கும். அது பெரும்பாலான ஜோடிகளுக்கு மிகத் துல்லியமானது. ஆனால் பூமியில் ஏறக்குறைய எதிரெதிர் முனையில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு அது திரும்பத் திரும்பப் போடும் கணக்கு முடிவுக்கு வராமல் திணறலாம். ஸ்பெயினின் மலாகாவும் நியூசிலாந்தின் ஆக்லாந்தும் அந்த ரகம். சார்ல்ஸ் கார்னி 2013-இல் வெளியிட்ட முறையில் அந்தச் சிக்கல் இல்லை. ஜியோபை இப்போது பயன்படுத்துவது அதைத்தான். 138 டிகிரி தொலைவில் இருக்கும் நம் ஜோடிக்கு இரண்டுமே ஓடும்.

விமானம் இந்தக் கோட்டில் போவதில்லை

8 கி.மீ.-க்காக நீள்கோளம் வரை போனவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். 11 கி.மீ. உயரத்தில் பறந்தால் ஆரமும் 11 கி.மீ. கூடுகிறது. 11 × 2.40771 = 26.5 கி.மீ. கூடுதல் பாதை. நீள்கோளத் திருத்தத்தைப்போல மூன்று மடங்கு.

அதையும் விழுங்குவது காற்று. நடு அட்சரேகைகளில் மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது. சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் துருவத்தை நோக்காமல் வட பசிபிக்கின் மேலே வளைந்து போவது இதற்காகத்தான். திரும்பும்போது அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா வழியாக வரும் நாட்களும் உண்டு. எடுத்துக்காட்டாக, காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வையுங்கள். காற்றில்லாமல் 15,348 கி.மீ.-க்கு 17 மணி 3 நிமிடம். 16,300 கி.மீ. சுற்றி, சராசரி 60 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 16 மணி 59 நிமிடம். 950 கி.மீ. சுற்றியும் நான்கு நிமிடம் முன்னதாக. அட்டவணையில் 18 மணிக்கு மேல் போட்டிருப்பது, தரையில் உருளுவது, ஏறி இறங்குவது, காற்று சாதகமில்லாத நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து.

துருவ வழிக்குத் தனித் தொல்லைகளும் உண்டு. 78° வடக்குக்கு மேலே அமெரிக்க வான்போக்குவரத்து ஆணையம் துருவப் பகுதி என்று வகுத்து, மாற்று நிலையம், தகவல் தொடர்பு, எரிபொருள் உறைநிலை ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடு கேட்கிறது. ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை −40°, ஜெட் ஏ-1-க்கு −47°. காந்தத் திசைகாட்டியும் அங்கே உதவாது.

எனவே தூரத்தை வைத்து எரிபொருளைக் கணக்கிடக் கூடாது. இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் ரகத்துக்கு 1,65,000 லிட்டர் கொள்ளளவும் 18,000 கி.மீ. பறப்பு வீச்சும் கொடுத்திருப்பது, 15,348-க்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்காகத்தான். மைலேஜ் புள்ளி, ஒப்பீட்டு அட்டவணை, கார்பன் கணக்கின் முதல் மதிப்பீடு இவற்றுக்குப் பெருவட்டத் தூரம், அதாவது நாம் போட்ட மிகக் குறுகிய வழியின் நீளம், போதும்.

குறிப்பேட்டில் போக வேண்டிய வரி: சாங்கி–கென்னடி, பெருவட்டத் தூரம், டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளம், 15,348 கி.மீ., 8,287 கடல் மைல், 9,537 மைல், புறப்படு திசை 357.5°. மைல் என்று மட்டும் எழுதாமல் எந்த மைல் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் 15 விழுக்காடு வித்தியாசம். கிலோமீட்டருக்குப் பின்னால் தசமம் வேண்டாம். சாங்கியின் ஓடுபாதை 4 கி.மீ. நீளம், எந்த முனையிலிருந்து எழும்புகிறது என்பதிலேயே அந்தத் தசமம் கரைந்துவிடும்.